மூன்று தொட்டி ஃபியூஷாவோடு மலர்க் கண்காட்சிக்குப் போகலாமா?

பிரிட்டனில் கோடை வந்தால் ஊருக்கு ஊர் மலர்க் கண்காட்சி. ஜிமிக்கி போலப் பூ தொங்கும் ஃபியூஷாச் செடியை அழகாக வளர்க்கத் தெரிந்தவர்களுக்கே அந்தக் கூடாரத்துக்குள் நுழையத் தயக்கம் இருப்பது, இம்முறை வந்த கேள்விகளில் தெரிகிறது.

எங்கள் பகுதித் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சி ஷெட்யூல் (போட்டிப் பிரிவுகளும் விதிகளும் உள்ள பட்டியல்) வந்தது. "5 அங்குலத் தொட்டி, ஒரு செடி", "மூன்று செடிகள், வெவ்வேறு ரகம்" என்று பக்கம் பக்கமாகப் பிரிவுகள். என்னிடம் மூன்று தொட்டிதான் இருக்கிறது. விட்டுவிடவா? (ஹாரோ வாசகி)

விடாதீர்கள். முதலில் "நோவிஸ்" என்று ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். பல சங்கங்களில் இதுவரை முதல் பரிசு வாங்காதவர்களுக்கென்று அது இருக்கும். யாரை நோவிஸ் என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும், ஆகவே அந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

அப்புறம் தொட்டி. 5 அங்குலம் என்பது தொட்டி வாயின் விட்டம். அளவு தப்பினால் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் நடுவர் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார், அட்டையில் "என்.ஏ.எஸ்." என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். ஷெட்யூலின்படி இல்லை என்று பொருள். முதல்முறை வந்தவர் மறுமுறை வராமல் போவதற்கு இந்த மூன்று எழுத்தே போதும். பல கடைத் தொட்டிகளில் லிட்டர் கணக்குதான் போட்டிருக்கும். அதை நம்பாமல் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

செடியில் பார்ப்பது பெரிய ரகசியமில்லை. எல்லாப் பக்கமும் சமமாகப் பூத்திருக்கிறதா, இலை சுத்தமா, பழுத்த இலையும் விதைக்காயும் எடுக்கப்பட்டிருக்கிறதா. பூ உதிர்ந்த காம்பின் நுனியில் பச்சையாகவோ கறுஞ்சிவப்பாகவோ ஒரு குட்டிக்காய் நிற்கும். செடியை மெல்லச் சுற்றிக்கொண்டே அவற்றையெல்லாம் கிள்ளிவிடுங்கள். தொட்டியின் வெளிப்புறத்தைத் துடைக்க மறக்காதீர்கள்.

நான் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர். ஃபியூஷா மேசையில் வருடா வருடம் அதே நான்கு பேர். புதியவர்களை எப்படி இழுப்பது?

அந்த நான்கு பேரைக் குறை சொல்லாதீர்கள்; மேசை நிறைவதே அவர்களால்தான். பிரிட்டிஷ் ஃபியூஷா சங்கம் 1938-இல் தொடங்கியது. அத்தனை ஆண்டு மரபில் தொட்டி அளவும் செடி வடிவமும் நுணுக்கமாகப் பிரிந்துபோனது இயல்புதான். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே ஊர்க் கண்காட்சிக்கு இறக்குமதி செய்தால் புதியவர் வாசலோடு திரும்பிவிடுவார்.

இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, "எந்தத் தொட்டியிலும் ஒரு ஃபியூஷா". பழைய வாளியில் வைத்தாலும் சரி. இன்னொன்று, ஒரு தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்ட பூக்கள். செடி கோணலாக இருந்தாலும் பூ நேராகத்தானே இருக்கும்! பால்கனியில் ஒரே ஒரு கூடை தொங்கவிட்டிருப்பவர்கூட இதில் கலந்துகொள்ளலாம். பதிவை ஒரு வாரம் முன்பே மூடாதீர்கள். முந்தின நாள் மாலை எந்தப் பூ நிற்கும் என்று பிரம்மாவுக்கே தெரியாது.

என்னைக் கேட்டால், இதைவிட முக்கியம் தீர்ப்புக்குப் பிறகு நடப்பது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பெழுதுவதுதான் மரபு. அது இருக்கட்டும். மதியம் கதவு திறந்ததும் நடுவரை அரை மணி நேரம் மேசையருகே நிற்கச் சொல்லுங்கள். பரிசு கிடைக்காத நோவிஸ் அட்டை ஒவ்வொன்றிலும் அவர் ஒரு வரி எழுதட்டும்: "பூ அருமை, அடுத்த ஆண்டு செடி அடர்த்தியாக இன்னும் ஒரு முறை கிளை நுனியைக் கிள்ளுங்கள்." தோற்றவர் கையில் அடுத்த ஆண்டுக்கான வேலை இருக்கும். நோவிஸ் மேசையைச் சாம்பியன்களின் பெரிய தொங்குகூடைகளுக்கு அடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஜூலை முழுக்கப் பூத்துக் குலுங்கியது. கண்காட்சியன்று மொட்டுகூட இல்லை.

கடைசியாக நுனி கிள்ளிய நாள்தான் கணக்கு. ஒற்றை அடுக்குப் பூ ரகங்கள் பூக்க அதிலிருந்து சுமார் 8 வாரம், அடுக்குப் பூ ரகங்களுக்கு சுமார் 10 வாரம். 'தாலியா' போன்ற நீளக்குழல் பூ ரகங்களுக்கு இன்னும் கூடும். கண்காட்சி ஆகஸ்ட் 15 என்றால் ஒற்றை ரகத்தை ஜூன் 20 வாக்கிலும், 'ஸ்விங்டைம்' போன்ற அடுக்கு ரகத்தை ஜூன் முதல் வாரத்திலும் கடைசியாகக் கிள்ளுங்கள். அதன்பின் கை அரித்தாலும் தொடக்கூடாது.

ஊட்டியில் இருக்கிறேன். மே மாத மலர்க் கண்காட்சிக்கு இதே கணக்கு சரிவருமா?

வரும். ஒற்றை ரகத்துக்குக் கிள்ளுவதை மார்ச் நடுவில் நிறுத்துங்கள், அடுக்குக்கு மாதத் தொடக்கத்திலேயே. ஊட்டியில் இரவுக் குளிர் இருப்பதால் ஓரிரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. சமவெளி உறவினர்களுக்குப் பதியன் கொடுத்து வருத்தப்படாதீர்கள். 30 டிகிரிக்கு மேல் இந்தச் செடி சோர்ந்துவிடும்.

நுனியெல்லாம் வீங்கி, சிவந்து, முறுக்கிக்கொண்டிருக்கிறது. பூ இருக்கிறது. கொண்டுபோகலாமா?

கூடாது. ஃபியூஷா கால் மைட் (fuchsia gall mite) என்னும் நுண்பேன் போலத் தெரிகிறது. பிரிட்டனில் 2007-இல் முதலில் தென்பட்டது. வீட்டுத் தோட்டக்காரருக்கு நம்பகமான மருந்து இல்லை. வீங்கிய பகுதிக்குக் கீழே நன்றாக வெட்டி, எரித்துவிடுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள்; உரக்குழியில் போடாதீர்கள். கை, கத்தரி இரண்டையும் கழுவிவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை: வாசலிலேயே செடியைப் பாருங்கள், சந்தேகமிருந்தால் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார்.

காரில் போவதற்குள் பாதிப் பூ கொட்டிவிடுகிறது.

முந்தின மாலையே தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். அட்டைப்பெட்டியில் தொட்டியை வைத்து, சுற்றிலும் கசக்கிய செய்தித்தாளைத் திணியுங்கள்; தொட்டி அசையக்கூடாது. நீளக் கிளைகளுக்கு மெல்லிய குச்சி நட்டுப் பச்சை நூலால் தளர்வாகக் கட்டுங்கள். காலையிலேயே கிளம்புங்கள், வெயிலில் மூடிய காரில் செடியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எப்படியும் சில பூ உதிரும். இரண்டு மூன்று கூடுதல் மொட்டு விரியும் நிலையில் இருந்தால் கவலையில்லை.