முற்றிய டிமென்ஷியா உள்ள அப்பாவுக்குப் பெங்களூருவில் மருத்துவ ஏற்பாடு செய்வது எப்படி?

அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், பேச்சும் நின்றுவிட்டது, இனி எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவைக் கடைசிவரை அல்சூரில் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். இந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரியைவிட அவசரம், வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு டாக்டர்.

ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் முதியோர் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே ஒருமுறை எல்லா மாத்திரைகளையும் காட்டி, எது இன்னும் தேவை என்று கேளுங்கள். ஆவேசத்தை அடக்கத் தரும் சில மாத்திரைகள் இந்த நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டுக் குறையுங்கள். அதன்பிறகு ஓசூர் ரோடு நெரிசலில் அவரை அலைக்கழிக்க வேண்டாம். எங்களுக்கு அமைந்தவர் பக்கத்துத் தெரு டாக்டர்தான். கிளினிக்கை மூடிவிட்டுப் போகும் வழியில் வந்து பார்ப்பார். ரத்தம், சிறுநீர் பரிசோதனைக்கு லேப் ஆட்களே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

அப்பா திடீரென்று மயக்கமாகவே கிடந்தாலோ சாப்பாட்டை மறுத்தாலோ, நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நிமோனியா, வெளியில் சொல்ல முடியாத வலி, இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். அம்மாவை இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் நெற்றி சுருங்கும், கை போர்வையை இறுக்கிப் பிடிக்கும். டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, படுக்கைப் புண் ஆரம்பித்திருந்தது. காற்று மெத்தை வாடகைக்கு எடுத்தோம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டோம், வலிக்கு பாராசிட்டமால் வேளை தவறாமல் கொடுத்தோம். முகம் தெளிந்தது.

அடுத்தது மூக்கு வழியாக உணவு செலுத்தும் ட்யூப். விழுங்குவது குறையும்போது இந்தப் பேச்சு கட்டாயம் வரும். முற்றிய டிமென்ஷியாவில் ட்யூப் ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. அதைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிப்போடும் கொடுமை வேறு. அதற்குப் பதில் வாய்வழியே ஊட்டுங்கள்: முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, ராகிக் கஞ்சியைக் கெட்டியாக அரைக் கரண்டி, விழுங்கிய பிறகு அடுத்தது. கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த மருத்துவ உயில், அதாவது கடைசிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, புத்தி தெளிவாக இருக்கும்போது எழுத வேண்டியது. அப்பா முன்பே எழுதி வைக்கவில்லை என்றால், முடிவு உங்கள் தலையில்தான். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் இப்போதே டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஐசியூ வாசலில் நின்றுகொண்டு பேசுகிற விஷயம் இல்லை இது. வலியும் மூச்சுத்திணறலும் தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அதையும் கேளுங்கள்.

ஆள் வைக்கும்போது, ஏஜென்சி அனுப்புகிறவர் பயிற்சி பெற்ற நர்ஸா, உதவியாளரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குளிப்பாட்ட, ஊட்ட உதவியாளர் போதும். புண்ணுக்குக் கட்டுப் போட, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்ற நர்ஸ் வேண்டும். முடிந்தால் தமிழ் பேசுகிறவராகப் பாருங்கள். கன்னடம் சரளமாகப் பேசிய எங்கள் அம்மா, கடைசியில் “வாயத் தொறங்கம்மா” என்றால்தான் வாயைத் திறந்தார்.

உங்களுக்கே முடியாமல் போனால், நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டுக்கு இந்த ஊரில் டிமென்ஷியா பராமரிப்பு மையம் உண்டு. முதியோர் உதவி எண் 14567-க்கும் பேசிப் பாருங்கள், கட்டணமில்லை.

அப்புறம், டாக்டர் எண், மாத்திரைப் பட்டியல், ட்யூப் பற்றிய குடும்பத்தின் முடிவு, மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு இழுத்தால் யாரை முதலில் கூப்பிடுவது என்பது இரவு ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.