துறைக்கு ஒரு வரிசை தேவையா?

கேள்வி: ஒன்-நார்த்திலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் 24 நோடுகள் (தனித்தனிக் கணினிகள்) கொண்ட கிளஸ்டரை, பணிகளை வரிசைப்படுத்தி நோடுகளுக்கு ஒதுக்கும் ஸ்லர்ம் மென்பொருளால் நிர்வகிக்கிறோம். மூன்று துறைகளுக்கும் எட்டெட்டு நோடுகளாகப் பிரித்துத் தனித்தனி வரிசைகள் அமைத்தோம். ஒரு துறையின் நோடுகள் சும்மா கிடக்கும்போதும் மற்றத் துறையினரின் அரைமணி நேரப் பணிகள் நாள் முழுதும் காத்திருக்கின்றன. எதை மாற்றுவது?

பதில்: துறைவாரிப் பிரிவினையை முதலில் கலைத்துவிடுங்கள். உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிப்பதைப் போல, ஆள் வராதபோதும் அது இடத்தை அடைத்துக்கொள்கிறது. துறைகளுக்கிடையே நியாயம் காப்பது ஸ்லர்மிலுள்ள ஃபேர்ஷேர் வசதியின் வேலை. மூன்று துறைகளையும் கணக்குகளாகப் பதிந்து சமபங்கு கொடுத்தால், அண்மையில் அதிகம் பயன்படுத்திய துறையின் முன்னுரிமை தானாக இறங்கும். ஆனால் முன்னுரிமையைக் கணக்கிடும்போது ஃபேர்ஷேரின் எடை இயல்பாக 0. அதை உயர்த்தாவிட்டால் பங்கு கொடுத்தும் பயனில்லை.

வரிசைகளைப் பணியின் கால அளவைக் கொண்டு பிரியுங்கள். ஒரே நோடு இரண்டு வரிசைகளில் இடம்பெறலாம் என்பதால், 4 மணி நேர வரம்புள்ள குறுகிய வரிசைக்கு 24 நோடுகளையும், 5 நாள் வரம்புள்ள நீண்ட வரிசைக்கு 18 நோடுகளை மட்டும் கொடுக்கலாம்; அப்போது 6 நோடுகளில் நீண்ட பணி எதுவும் குந்திக்கொள்ளாது. குறுகிய வரிசைக்கு மேல்நிலை பிரையாரிட்டி டியர் (எந்த வரிசையின் பணிகளை முதலில் பார்ப்பது என்ற படிநிலை) கொடுக்கும் ஆசை வரும், வேண்டாம். பொதுவான 18 நோடுகளில் நீண்ட பணிகள் பட்டினி கிடக்கும்.

இனி பேக்ஃபில். முன்னுரிமையில் மேலேயுள்ள பணியின் தொடக்கத்தைத் தாமதப்படுத்தாமல் இடைவெளிகளில் சிறு பணிகளைச் செருகுவது அதுதான்; அதற்கு ஒவ்வொரு பணியும் எப்போது முடியும் என்று தெரிய வேண்டும். டிஃபால்ட் டைம் (நேரம் கேட்காத பணிக்குத் தானாகத் தரப்படும் கால அளவு) குறிப்பிடப்படாத வரிசையில், நேரம் கேட்காமல் வரும் பணிக்கு அந்த வரிசையின் உச்ச வரம்பே எடுத்துக்கொள்ளப்படுவதால், பத்து நிமிடப் பணியும் 5 நாள் பணியாகத் தெரிந்து எந்த இடைவெளியிலும் நுழையாது. ஆகவே டிஃபால்ட் டைமை 1 மணி நேரமாக வையுங்கள். பேக்ஃபில் முன்னோக்கிப் பார்க்கும் பிஎஃப் விண்டோவின் இயல்பு அளவு 1440 நிமிடம், அதாவது ஒரே நாள். உங்கள் நீண்ட பணி 5 நாள் ஓடுமென்றால் அது 7200 ஆக வேண்டும். இல்லையேல் பல நோடுகள் கேட்கும் பெரிய பணிக்கு இடம் ஒதுக்கப்படாமல், சிறியவை முந்திக்கொண்டே இருக்கும். விண்டோவைப் பெரிதாக்கும்போது, 60 விநாடியாக உள்ள பிஎஃப் ரெசல்யூஷனையும் (பேக்ஃபில் காலத்தைக் கூறுபோடும் நுணுக்க அளவு) உயர்த்தினால், பணிகளை ஒதுக்கும் ஷெட்யூலரின் சுமை அடங்கும்.

மாற்றத்துக்கு முன், பணிகளின் பதிவுகளைக் காட்டும் எஸ்அக்ட் கட்டளையில் கேட்ட நேரத்தையும் ஓடிய நேரத்தையும் பக்கத்தில் பக்கமாக எடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைக்கு 5 நாள் கேட்பவர்கள் யாரென்று அதில் தெரிந்துவிடும்.