அத்தை ராத்திரியில் சொல்லிப் பார்த்த பெயர்

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளாகிறது. கணவர் மூன்று வருஷம் டப்ளினில் வேலை பார்த்தவர். அங்கே கேட்டுப் பிடித்துப்போன ‘நீவ்’ என்ற ஐரிஷ் பெயரை வைக்கப் போகிறோம். ஆங்கில எழுத்தை (Niamh) அப்படியே படித்தால் ‘நியாம்’ என்று வரும். ஐரிஷில் எம், எச் சேர்ந்தால் ‘வ்’ ஒலி. சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பதெல்லாம் என் அத்தைதான் (மாமியார்). அவருக்கு ‘நீவு’ என்றுதான் வருகிறது. ராத்திரி பாத்திரம் கழுவும்போது தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். வீடியோ எடுத்துச் சிரித்தோம். கடைசியில், ‘நீங்க பாப்பான்னே கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டோம். கேலி பேசுகிறவர்கள் வாயை எப்படி அடைப்பது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அவர்கள் வாயை விடுங்கள். நீங்கள் ஏற்கெனவே ஒருவர் வாயை அடைத்துவிட்டீர்கள்.

பெயர்ச் சண்டையோடு எனக்குக் கடிதம் வராத மாதமே இல்லை. நட்சத்திர எழுத்து, நியூமராலஜி, தாத்தா பெயர் என்று எதற்காவது அடித்துக்கொள்வார்கள். குழந்தை தவழ ஆரம்பித்தால் மறந்துவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் அந்தப் பாத்திரம் கழுவுகிற வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்கியவர், எல்லோரும் படுத்த பிறகு, குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து, பேத்தியின் பெயரை வாய்க்குப் பழக்கிப் பார்த்திருக்கிறார். ‘என்ன பேரு இது’ என்று அவர் ஒரு வார்த்தை முணுமுணுத்ததாகக்கூட நீங்கள் எழுதவில்லை. உங்கள் ஆசைக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவரை ஒளிந்து நின்று வீடியோ எடுத்தீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க மாட்டேன்.

அந்தக் காலத்தில் மாமனார் பெயரை மருமகள் சொல்லமாட்டாள். அதே பெயர் பேரனுக்கு இருந்தால் ‘ராசா’, ‘தம்பி’ என்று கூப்பிடுவாள். அது அவளாகக் காட்டிய மரியாதை. உங்கள் வீட்டில் நடந்தது வேறு. ‘உனக்கு வராது, நீ விட்டுவிடு’ என்று பெரியவரிடமிருந்து பெயரைப் பறித்திருக்கிறீர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பேத்தி பெயர்த்தி. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதால் வந்த சொற்கள். அத்தையின் பெயரை வைக்கச் சொல்லவில்லை. அவர் கூப்பிட முடிகிற பெயராகவாவது இருக்க வேண்டாமா?

அவர் நாக்கில் ஒரு குறையும் இல்லை. பழைய இலக்கணப்படி ‘வ்’ என்று முடிகிற தமிழ்ச் சொற்கள் நான்கே நான்கு: அவ், இவ், உவ், தெவ். அவையும் இன்று பேச்சில் இல்லை. கடைசியில் ஒரு உகரம் சேர்த்துக்கொள்வது நம் வாயின் வழக்கம். பஸ்ஸு, பல்பு, பேங்க்கு எல்லாம் அப்படி வந்தவைதான். போர்ச்சுகீசியரின் சான் தோமே இங்கே சாந்தோம் ஆனது, லட்சுமணன் இலக்குவன் ஆனான், யோசேப்பு சூசை ஆனார். யாரும் வீடியோ எடுக்கவில்லை. அப்புறம், ‘நீவு’ நல்ல தமிழ்ச் சொல். காலை நீவிவிடு என்கிறோமே, அதுதான். குளிப்பாட்டும்போது கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தொட்டுக் கைகாலை நீவிவிடுகிறவர் வாயில் அந்தச் சொல் வருகிறது. அதைப் போய்த் தப்பு என்கிறீர்கள்.

ஆகவே, என் முடிவு இது. உங்கள் மகளின் பெயர் தமிழில் ‘நீவு’ என்று உங்களால் மனதார ஏற்க முடிந்தால் அந்தப் பெயரை வையுங்கள். அத்தை கூப்பிடுவதும் சரியான பெயர்தான் என்று நாலு பேர் முன்னால் நீங்களே சொல்ல வேண்டும். அது முடியாது, டப்ளின் உச்சரிப்புதான் வேண்டும் என்றால் இந்தப் பெயர் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். உங்கள் விடுமுறை முடிந்து வேலைக்குப் போனால் அதை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடப் போகிறவர் அவர்தானே?

அவசரமும் இல்லை. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்கலாம்: 12 மாதம் வரை கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் ஏறிய பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்க, ஓட்டுநர் உரிமம் வாங்க எல்லாம் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதனால் இந்த வாரமே கார்ப்பரேஷனுக்கு ஓடாதீர்கள்.

முதலில் அந்த வீடியோவை அழியுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அங்கேயும் அழிக்கச் சொல்லுங்கள். நாளைக் காலையில் அவர் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் மொண்டு கொடுங்கள். ‘அத்தை, நீங்க என்ன பேர் நெனச்சு வெச்சிருந்தீங்க?’ என்று கேளுங்கள். நாற்பது நாளாக யாரும் அவரிடம் இதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் ஏதாவது சொன்னால் உடனே ‘பழசா இருக்கே’ என்று மூஞ்சியைச் சுளிக்காமல், துண்டை எடுத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.