விமானத்தில் அழும் குழந்தை – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. பெயரை வெளியிட வேண்டாம்.

போன மாதம் குழந்தைகளுடன் விமானத்தில் வந்தோம். இரண்டரை மணி நேரப் பயணம். மூத்தவனுக்கு 5 வயது, சின்னவளுக்கு 14 மாதம். இருக்கையை நாமே தேர்ந்தெடுக்கத் தனியாகப் பணம் கேட்டார்கள், அதனால் விட்டுவிட்டோம். கணவருக்கு எட்டு வரிசை பின்னால் இடம் கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் என்னோடு. நாங்கள் உட்கார்ந்ததுமே பக்கத்து இருக்கைக்காரர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டார். அப்போது குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் இரண்டு மணி நேரம் பெரிய தொந்தரவு இல்லை. மூத்தவன் போனில் கார்ட்டூன் பார்த்தான். ஹெட்போன் மாட்டினால் கழற்றி எறிகிறான், அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கொடுத்தேன். அவ்வப்போது முன்னிருக்கையை உதைத்தான். சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். விமானம் இறங்க ஆரம்பித்ததும் சின்னவள் வீறிட்டு அழுதாள். தரையைத் தொடும்வரை நிறுத்தவில்லை. முன்னால் இருந்தவர் எழுந்து திரும்பி, "அடக்க முடியாதவர்கள் பிள்ளைகளை எதற்கு விமானத்தில் கூட்டி வருகிறீர்கள்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். எத்தனை முறை 'சாரி' சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இறங்கியதும் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

பிள்ளைகள் வளரும்வரை இனி விமானமே வேண்டாம், திரும்பிப் போகும்போது இரண்டு நாள் ஆனாலும் காரில் போய்விடலாம் என்கிறார் கணவர். நான் செய்தது தவறா? மன்னிப்பு கேட்டது சரிதானா?

எம்.

*

அன்புள்ள எம்,

சின்னவள் அழுததற்கு நீங்கள் மன்னிப்பு கேட்டிருக்கத் தேவையில்லை. மூத்தவன் உதைத்ததற்குக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. அழுகைக்குக் கணக்கில்லாமல் 'சாரி', உதைக்கும் கார்ட்டூன் சத்தத்துக்கும் ஒன்றுகூட இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் அழுகை. விமானம் உயரத்தில் பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருந்தால் என்ன அழுத்தமோ, அந்த அளவில் வைத்திருக்கிறார்கள். இறங்க ஆரம்பித்ததும் அது கூடிக்கொண்டே வரும். நடுக்காதுக்குள் இருக்கும் காற்றும் அதற்கு ஈடாக வேண்டும். ஆகாவிட்டால் செவிப்பறை உள்பக்கமாக இழுபடும், வலி அதுதான். ஈடுகட்டும் காற்று, மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் யூஸ்டேசியன் குழாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தக் குழாய் சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் திறக்கும். பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சமாளித்துவிடுகிறோம். சின்னக் குழந்தைக்கு அந்தக் குழாய் குட்டையாக, குறுகலாக, கிட்டத்தட்டப் படுக்கைவசமாக இருக்கும். லேசில் திறக்காது. மேலே ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானே முட்டிக்கொண்டு வெளியேறிவிடுவதால் அவ்வளவு சிரமம் இல்லை. சின்னவள் ஏறும்போது சும்மா இருந்து இறங்கும்போது மட்டும் வீறிட்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். அவளுக்குக் காது வலித்திருக்கிறது. காது வலிக்கும் 14 மாதக் குழந்தையை அடக்குவது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த முன்னிருக்கைக்காரருக்கே தெரிந்திருக்காது.

இதற்குச் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். சீட் பெல்ட் போடச் சொல்லும் அறிவிப்பு பல சமயம் அதற்கு அப்புறம்தான் வரும். அதை நம்பிக் காத்திருந்தால் பிந்திவிடும். இன்ஜின் சத்தம் தணிவதைக் காது கொடுத்துக் கவனியுங்கள். அப்போதே பாலோ தண்ணீரோ கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. தூங்குகிற குழந்தையை எழுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது, தெரியும். சளி பிடித்திருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் அவள் அழலாம். அழுதால் அழட்டும்.

இனி மூத்தவன். நீங்கள் இரண்டு வரியில் கடந்து போன இடம் இது.

'சத்தத்தைக் குறைத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே இரைச்சலே 80 டெசிபெல்லைத் தாண்டும். அதை மீறி அவன் காதில் விழ வேண்டுமானால் அக்கம்பக்கத்து வரிசைகளுக்கும் விழுந்தே தீரும். குறைந்த சத்தம் என்று ஒன்று அங்கே கிடையாது. ஹெட்போன் மாட்ட மாட்டேன் என்றால் சத்தமே இல்லாமல் பார்க்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஊமைக் கார்ட்டூனையும் நன்றாகவே பார்ப்பார்கள். காதுக்குள் செருகும் வகை வேண்டாம். காதை மூடுகிற வகையாக வாங்கி, பயணத்துக்குச் சில நாள் முன்பே வீட்டில் பழக்கிவிடுங்கள்.

உதைப்பதில் அவன் குறும்பு கொஞ்சம்தான், அளவுக் கணக்கு நிறைய. ஐந்து வயதுக் கால் தரையைத் தொடாது. முழங்கால் இருக்கையின் விளிம்பு வரை எட்டாததால் கீழே மடங்க வழியில்லாமல், பாதம் நேராக முன்னிருக்கையின் முதுகை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவன் காலை ஆட்டினாலே உதைதான். இப்போதைய இருக்கைகளின் முதுகு மெல்லியது, ஒவ்வொன்றும் முன்னால் இருப்பவரின் முதுகுத்தண்டில் போய் விழும். ஷூவைக் கழற்றிவிடுங்கள். காலைச் சம்மணம் போட வையுங்கள். நடக்க அனுமதி இருக்கும்போது கொஞ்சம் நடக்க விடுங்கள். 'சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்' என்பது போதாது. இரண்டாவது முறை சொல்லும்போது உங்கள் கை அவன் முழங்காலில் இருக்க வேண்டும். மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அது முடியாது என்பீர்கள். உண்மைதான், அதற்கு வருகிறேன்.

முன்னிருக்கைக்காரர் பேசிய வார்த்தை அநியாயம். ஆனால் அவர் முதுகையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தவர் அழுகையைச் சாக்காக வைத்து வெடித்திருக்கலாம். முதல் உதையிலேயே திரும்பி, "தம்பி, காலை எடுத்துக்கோப்பா" என்று அவனிடமே சொல்லியிருந்தால் எல்லாருக்கும் நன்றாக இருந்திருக்கும். பிள்ளைகள் அம்மா சொல்வதைவிட வெளியாள் சொல்வதைச் சட்டென்று கேட்பார்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, சொல்லக் கூடாத நேரத்தில் திறப்பவர்கள்தான் பயணங்களில் அதிகம்.

இடம் மாற்றக் கேட்ட பக்கத்து இருக்கைக்காரர் மேல் எனக்குக் கோபமே இல்லை. உங்களுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும். ஆனால் அவர் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை, முகம் சுளித்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. பணிப்பெண்ணிடம் கேட்டார், அவ்வளவுதான். குழந்தைகளை நேசிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

என்னை உறுத்தியது 'எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்' என்ற வரி. குழந்தை அழும்போது பலர் குழந்தையைப் பார்ப்பதில்லை. தாயைப் பார்க்கிறார்கள், இவள் ஏதாவது செய்கிறாளா என்று. அந்தப் பார்வை பட்டதும் தாய் குழந்தையைக் கவனிப்பதை விட்டுவிட்டுப் பார்வையாளர்களைக் கவனிக்க ஆரம்பிக்கிறாள். உரக்க அதட்டுகிறாள், வேகமாக ஆட்டுகிறாள், எல்லாத் திசையிலும் மன்னிப்பு கேட்கிறாள். அவள் பதற்றம் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ள, அழுகை இரட்டிப்பாகிறது. அந்த வரிசைகளில் இருப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, பார்க்காமல் இருப்பது. இன்னும் மனம் இருந்தால், "பையை எடுத்துத் தரட்டுமா?" என்று ஒரு கேள்வி. ஆலோசனை வேண்டாம். குறிப்பாகத் தங்கள் பிள்ளைகள் எப்படிச் சமர்த்தாக இருந்தார்கள் என்ற வரலாறு வேண்டவே வேண்டாம்.

2019இல் தென்கொரியாவின் சியோலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானத்தில் ஒரு தாய், நான்கு மாதக் குழந்தை அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்போடு, மிட்டாயும் காதடைப்பானும் போட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறு பைகளைப் பயணிகளுக்குக் கொடுத்தது உலகச் செய்தியானது. பலர் நெகிழ்ந்தார்கள். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. அந்தத் தாயின் நல்ல மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது பழக்கமாகிவிட்டால், பை கொண்டுவராத அடுத்த தாய் ஏறும்போதே குற்றவாளி. நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே கட்டும் அபராதம் அது.

கம்பெனிகள் இதை வேறு விதமாகப் பார்க்கின்றன. 2013இல் ஏர் ஏசியா எக்ஸ் விமான நிறுவனம் சிறுவர்களை அனுமதிக்காத அமைதிப் பகுதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனமும் தொடங்கியது, அங்கே 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இடமில்லை. 2023இல் கோரண்டன் என்ற நிறுவனம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கரீபியன் தீவான குராசாவ் போகும் தடத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமான பகுதியை அறிவித்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் முன்பதிவு வரைபடத்தில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உட்காரப்போகும் இருக்கைகளில் ஒரு சிறு குழந்தைப் படம் போட்டுக் காட்டுகிறது. இதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் கிடையாது. தூக்கம் முக்கியம் என்பவர் பணம் கொடுத்துத் தள்ளி உட்காரட்டும். சில வரிசைகளுக்கு அப்பால் இருந்து வரும் அழுகையைத் திரைச்சீலை எவ்வளவு தடுக்கும் என்பது அவர் பாடு.

எனக்கு ஆட்சேபம் உள்ள வியாபாரம் இன்னொன்று: ஒரு குடும்பத்தைப் பிரித்து உட்கார வைத்துவிட்டு, சேர்ந்து உட்காரக் காசு கேட்பது. உங்கள் பயணத்தின் பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. இந்தியாவில் 2024 ஏப்ரலில் வந்த உத்தரவு, 12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தரச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் 'ஒருவர்' என்றால் அது பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டுமா? இன்னொருவர் எட்டு வரிசை பின்னால் போய்விடுகிறார். அந்த இரண்டரை மணி நேரத்தில் உங்கள் கணவர் ஒருமுறையாவது எழுந்து வந்து மூத்தவனைக் கூட்டிப் போனாரா என்று கடிதத்தில் தேடினேன். இல்லை. கடைசியில் தீர்ப்புச் சொல்லத்தான் வருகிறார்.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு பதில் இருக்கிறது. 2 வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துப் பறப்பது பாதுகாப்பானதல்ல, தனி இருக்கையைக் கட்டாயமாக்குங்கள் என்று அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. 1989இல் அங்கே சூ சிட்டி என்ற ஊரில் நடந்த விமான விபத்துக்குப் பிறகு அந்தக் கோரிக்கை வலுத்தது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஏற்கவில்லை. அது சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: கூடுதல் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தால் பல குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் போகும் உயிர்கள் இதைவிட அதிகமாக இருக்கும். உங்கள் கணவர் சொல்வதைத்தான் அவர்கள் பயந்தார்கள். ஒரு முன்னிருக்கைக்காரரின் கோபத்துக்காக இரண்டு குழந்தைகளை இரண்டு நாள் நெடுஞ்சாலையில் கொண்டுபோவது எந்தக் கணக்கிலும் சரிவராது. பெல்ட்டில் கட்டப்பட்ட ஐந்து வயதுப் பையன் காரில் மட்டும் உதைக்காமல் இருப்பானா என்ன?

விமானத்திலேயே திரும்புங்கள். கையில் பணம் இருந்தால் சின்னவளுக்கும் ஒரு இருக்கை எடுத்து, விமானத்தில் அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கையைப் பொருத்தி உட்கார வையுங்கள். முடியாவிட்டால் அதற்குச் செலவிட நினைப்பதில் ஒரு பகுதியை இருக்கைத் தேர்வுக்குக் கொடுத்து மூன்றையும் ஒரே வரிசையில் வாங்குங்கள். ஜன்னலோரம் நீங்களும் சின்னவளும், நடுவில் மூத்தவன், நடைபாதையோரம் கணவர். மூத்தவனின் கால்கள் முழுக்க அவர் பொறுப்பு. முன்னால் யார் உட்கார்ந்தாலும், உட்கார்ந்ததுமே, "பையன் உதைத்தால் உடனே சொல்லுங்கள்" என்று உங்கள் கணவரே சொல்லிவிடட்டும்.