27 அங்குல 1440பி ஐபிஎஸ், 32 அங்குல வளைந்த 1080பி விஏ: கேமுக்கும் அன்றாட வேலைக்கும் எந்த மானிட்டர் வாங்கலாம்?

இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, இரண்டும் 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படத்தைப் புதுப்பிப்பவை). கையில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. பகலில் எக்செல், பிரவுசர். இரவில் வாலரண்ட், எல்டன் ரிங் கேம்கள். இதுதானே உங்கள் கேள்வி? 27 அங்குலத்தையே வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது 32 அங்குலம்தான் கண்ணை இழுக்கும். ஆனால் கேம் ஆடும் நேரத்தைவிட எழுத்தைப் படிக்கும் நேரம்தான் நம் எல்லோருக்கும் அதிகம். 32 அங்குலத் திரையில் 1920×1080 பிக்சலைப் பரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 70 பிக்சல்தான் வரும். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் சுமார் 109. நான் நாள் முழுக்கத் தமிழ்ப் பக்கங்களைப் பிழை திருத்துகிறவன். இந்த வித்தியாசம் எனக்கு ரொம்பப் பெரியது. 70 பிக்சல் திரையில் சின்ன எழுத்தில் ‘ண’ வந்தால் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். ‘ஞ்’ மேலுள்ள புள்ளி எழுத்தோடு கலங்கிப்போகும். ஆங்கில எழுத்து இந்த அளவுக்குப் படுத்தாது. நம் எழுத்தில் வளைவு அதிகம், இடம் கொஞ்சம். பெரிதாக்கிப் படிக்கலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் பெரிய திரை வாங்கியும் எக்செல்லில் நாலு நெடுவரிசை கூடுதலாகத் தெரியாது. 1440பி-யில் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

உங்கள் மேசை இரண்டடி ஆழம் என்கிறீர்கள். அந்தத் தூரத்தில் 32 அங்குலம் வாலரண்டுக்குத் தோதுப்படாது. இடது மேல் மூலையில் இருக்கும் சின்ன வரைபடத்தை (மினிமேப்) பார்க்க ஒவ்வொரு முறையும் பார்வை நெடுந்தூரம் போய்வர வேண்டும்.

அடுத்தது பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு: 27 அங்குலத்தில் ஐபிஎஸ் வகை, 32 அங்குலத்தில் விஏ வகை. பெட்டியில் இரண்டிலுமே ‘1 எம்எஸ்’ (ஒரு மில்லி செகண்ட் வேகம்) என்று போட்டிருப்பார்கள். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எம்பிஆர்டி என்று குறிப்பிட்டிருந்தால், அது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுக் காட்டும் கணக்கு. அந்த வசதியைப் போட்டால் வெளிச்சம் குறைந்துவிடும். விலை குறைந்த விஏ பேனல்களின் உண்மையான சிக்கல் இருட்டில்தான் தெரியும். 165 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் (ஒரு படம்) திரையில் நிற்பது சுமார் 6 மில்லி செகண்ட். கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற இந்தப் பேனல்களுக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும். என் மாமா பையன் வீட்டில் இதே மாதிரி வளைந்த திரைதான் இருக்கிறது. எல்டன் ரிங்கில் குகைக்குள் போய் கேமராவைத் திருப்பினால் சுவரின் விளிம்பெல்லாம் மை இழுவினதுபோல் பின்னால் வருகிறது. டார்க் மோடில் பக்கத்தை ஸ்க்ரோல் செய்தாலும் அதே இழுவல். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய், கறுப்புப் பின்னணியுள்ள பக்கம் ஒன்றைத் திறந்து வேகமாக ஸ்க்ரோல் செய்து காட்டச் சொல்லுங்கள், உடனே புரியும்.

விஏ-வுக்கு உரிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000:1 அளவில் நிற்கும்; விஏ 3000:1 வரை போகும். விளக்கணைத்த அறையில் ஐபிஎஸ்ஸின் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மூலைகளில் வெளிச்சம் கசிவதுபோல இருக்கும். திரைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு வைத்துக்கொண்டால் அது பெரிதாக உறுத்தாது. நீங்கள் முக்கியமாகப் படம் பார்க்கிறவர், அதுவும் கட்டிலில் சாய்ந்து ஆறடி தள்ளிப் பார்க்கிறவர் என்றால் நான் 32 அங்குலத்தையே சொல்லியிருப்பேன். ‘எச்டிஆர் 400’ (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் என்ற) முத்திரையை மட்டும் இரண்டிலுமே கணக்கில் எடுக்காதீர்கள். அதற்கு 400 நிட்ஸ் உச்ச வெளிச்சம் போதும், பகுதி பகுதியாக மங்கலாக்கும் வசதி கட்டாயமில்லை. அதில் எச்டிஆர் என்று சொல்லும்படி ஒன்றும் தெரியாது.

3060 தாங்குமா என்ற பயம் நியாயமானது. 1440பி-யில் பிக்சல் எண்ணிக்கை 1080பி-யைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. ஆனால் வாலரண்ட் லேசான கேம், உங்கள் கார்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எல்டன் ரிங் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் போகாதபடி பூட்டியே வருகிறது. செட்டிங்ஸில் இரண்டொன்றைக் குறைத்தால் போதும். மற்ற கனமான கேம்களில் பெரும்பாலானவற்றில் டிஎல்எஸ்எஸ் (சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) இருக்கும். 1440பி-யில் அதைக் குவாலிட்டியில் வைத்தால் கார்டு உள்ளே வரைவது 1707×960 அளவுதான். அதனால் கார்டை மாற்றும் செலவு இப்போதைக்கு வராது.

வாங்கும்போது ஸ்டாண்டையும் பாருங்கள். விலை குறைந்த மாடல்களில் முன்னும் பின்னும் சாய்க்க மட்டும்தான் முடியும், உயரத்தை மாற்ற முடியாது. பின்னால் வெசா துளைகள் (தாங்கியை மாட்டும் திருகுத் துளைகள்) இருந்தால் பிற்பாடு திரையைத் தாங்கும் ஒரு ஆர்ம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

வந்ததும் டிஸ்ப்ளே போர்ட் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. எச்டிஎம்ஐ 2.0 என்றால் 1440பி-யில் 144 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அப்புறம், விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 165-ஐ நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்றைக்கே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்கப் போட்டு, செத்த பிக்சல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்தால் மாற்றிக் கேட்பது சுலபம்.