பையன் போனால் யாருக்கு நஷ்டம்?

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு வருஷம் கல்லூரியில் தலையைக் காட்டிவிட்டு, பட்டம் வாங்காமல் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீகுக்குப் போய்விடும் பையன்களைக் கண்டித்து ஒரு வரிகூட இல்லை. 35 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் கேட்கிறேன்: 19 வயதில் கோடிகளைக் கண்டதும் படிப்பை உதறிவிட்டு ஓடுவது பேராசை இல்லையா? என்.பி.ஏ. நட்சத்திரம் டிம் டங்கன் நான்கு ஆண்டும் படித்து முடித்துவிட்டுத்தானே போனார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பேராசை என்ற சொல்லை அந்தப் பையன்கள் மேல் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த 'ஒரே ஒரு வருஷம்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பையன்கள் கேட்டு வாங்கியது இல்லை. கெவின் கார்னெட் 1995இலும், கோபி பிரயன்ட் 1996இலும், லெப்ரான் ஜேம்ஸ் 2003இலும் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்குப் போனவர்கள். 2005இல் என்.பி.ஏ.வும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தம் அந்தக் கதவை மூடியது. அமெரிக்க மாணவன் என்றால் 19 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். அந்த ஓராண்டைக் கழிக்கப் பெரும்பாலானவர்களுக்கு இருந்த இடம் கல்லூரிதான். படிக்க வேண்டும் என்று யாரும் அவனை அங்கே கூப்பிடவில்லை. காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்த நேரத்தில் அவனை வைத்து அரங்கத்தை நிரப்பினார்கள்.

பணக் கணக்கைப் பாருங்கள். மார்ச் மாதத்தில் நடக்கும் ஆண்கள் கல்லூரிப் போட்டியை ஒளிபரப்பும் உரிமை 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது. 2016இல் அதை மேலும் 8 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள், இன்னொரு 880 கோடி டாலர். பெரிய பல்கலைக்கழகங்களில் கோச்சுக்கு வருஷச் சம்பளமே பல லட்சம் டாலர். ஆடிய பையனுக்கு? கல்விக் கட்டணம், தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். 2021 ஜூலை வரை ஒரு கடை விளம்பரத்தில் தன் முகத்தைக் காட்டிக் காசு வாங்கினால்கூட அவன் ஆடத் தகுதி இழந்துவிடுவான்.

2019 பிப்ரவரி 20 அன்று டியூக் பல்கலைக்கழகத்துக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் நடந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? டிக்கெட் விலை ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறியிருந்தது. ஒபாமாவே வந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டியூக்கின் 18 வயது சையன் வில்லியம்சன் திரும்பும்போது இடது கால் ஷூ கிழிந்து, பாதம் வெளியே வந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான். அந்த இரவு முழுக்க அமெரிக்காவில் ஒரே பேச்சு: இந்தப் பையன் இனிமேல் கல்லூரிக்கு ஏன் ஆட வேண்டும்? நல்லவேளை, லேசான சுளுக்கோடு போயிற்று. நான்கு மாதம் கழித்து டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், முதல் ஆளாகத் தேர்வானான், முதல் வருஷச் சம்பளம் ஏறக்குறைய ஒரு கோடி டாலர். அந்த முழங்கால் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியிருந்தால் அரங்கத்தில் இருந்த யாருக்கும் நஷ்டமில்லை, அவனைத் தவிர. அதை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

இந்தச் சண்டை நேற்று தொடங்கியதும் இல்லை. அந்தக் காலத்தில் பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாதவனை என்.பி.ஏ. சேர்க்காது. ஸ்பென்சர் ஹேவுட் மிசிசிப்பியில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். அவருடைய அம்மா பத்துப் பிள்ளைகளை வளர்த்த ஏழை. 1968 ஒலிம்பிக்கில் 19 வயதில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவருக்கு, என்.பி.ஏ.வில் ஆட மட்டும் அனுமதி இல்லை. என்.பி.ஏ.வின் சியாட்டில் அணியில் சேர்ந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளியூர் மைதானங்களில், சட்டவிரோதமான ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் இருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்களாம். அவரே பிறகு சொல்லியிருக்கிறார். 1971இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அப்புறம் என்.பி.ஏ. என்ன செய்தது தெரியுமா? முன்கூட்டியே வர விரும்புகிறவன் தன் குடும்பம் கஷ்டப்படுகிறது என்று காட்ட வேண்டும் என்றது. சில ஆண்டுகளில் அதையும் கைவிட்டார்கள். ஆனால் வேலைக்குப் போக ஏழ்மைச் சான்று கேட்ட அந்த மனப்பான்மைதான், நீங்கள் சொன்ன 'பேராசை' என்ற சொல்லில் எனக்குத் திரும்பக் கேட்கிறது.

சரி, எல்லோரும் போய்விட வேண்டும் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. டிராஃப்டில் 30 அணி, இரண்டு சுற்று, அதிகபட்சம் 60 இடம். அதிலும் முதல் சுற்றில் வந்தால்தான் இரண்டு வருஷச் சம்பளத்துக்காவது உத்தரவாதம். இரண்டாம் சுற்றுக்காரனுக்கு அது கிடையாது. லெனி குக் என்ற நியூயார்க் பையன் ஒரு காலத்தில் லெப்ரானுக்குச் சமமாகப் பேசப்பட்டவன். 2002இல் பள்ளியிலிருந்து நேராக டிராஃப்டுக்குப் போனான், ஒரு அணியும் எடுக்கவில்லை. கல்லூரிக்குத் திரும்பும் வழியும் அடைபட்டுப் போயிற்று. என்.பி.ஏ.வில் அவன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவனுக்கு அன்று யாராவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு நிலைமை பரவாயில்லை. பெயர் கொடுத்து, சிகாகோ சோதனை முகாமுக்குப் போய், அணிகள் தன்னை எப்படி மதிக்கின்றன என்று தெரிந்துகொண்டு, குறித்த தேதிக்குள் பெயரை வாபஸ் வாங்கலாம். பர்டியூ பல்கலைக்கழகத்து ஏழடி நாலங்குல ஸாக் ஈடி 2023இல் அப்படித்தான் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு தன் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய், 9ஆவது ஆளாகத் தேர்வானார்.

ஆனால் இருந்துவிடுவதும் சூதாட்டம்தான், ஐயா. அதை யாரும் பேசுவதில்லை. ஓஹையோ ஸ்டேட்டின் ஜாரெட் சல்லிஞ்சர் 2011இல் போயிருந்தால் முதல் பத்துப் பேருக்குள் வந்திருப்பார் என்று பலரும் கணித்தார்கள். கல்லூரியை விரும்பித் தங்கினார். அடுத்த ஆண்டு அவருடைய முதுகைப் பற்றி மருத்துவர்கள் சந்தேகம் சொல்ல, 21ஆவது இடத்துக்கு இறங்கினார். தங்கச் சொல்லி அறிவுரை சொன்னவர்களில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டியவர் யார்?

கல்லூரிகள் பணம் கொடுக்கத் தொடங்கியபின் என்ன நடந்தது என்று பாருங்கள், என் வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. 2021 ஜூலையில் விளம்பரத் தடை நீங்கியது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே தங்கள் வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 2022இல் 283 பேர், 2024இல் 195, 2025இல் வெறும் 106. தொற்றுக்காலத்தில் கல்லூரியில் ஆட எல்லாருக்கும் கொடுத்த கூடுதல் ஆண்டு தீர்ந்துபோனதும் இதற்கு ஒரு காரணம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் கூலி கிடைக்கிற இடத்தில் பையன்கள் நிற்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இத்தனை காலம் அவர்களை விரட்டியது பேராசையா, கூலி இல்லாத வேலையா?

பெண்கள் பக்கம் இதே கணக்கு தலைகீழ். கெய்ட்லின் கிளார்க் 2024இல் பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. லீகில் முதல் ஆளாகத் தேர்வானபோது முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர்தான். கல்லூரியில் இருந்தபோதே விளம்பரத்தில் அதைவிடப் பல மடங்கு சம்பாதித்தவர் அவர்.

டங்கனுக்கு வருகிறேன். அவர் மேல் உங்களைப் போலவே எனக்கும் பெரிய மரியாதை. 14 வயது நிறைவதற்கு முந்தைய நாள் தாயை இழந்த பிள்ளை. பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நான்காம் ஆண்டும் இருந்தார். அது அவருடைய வாக்கு, அவருடைய முடிவு. அதை எடுத்து இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அளவுகோலாக வைக்க நமக்கு உரிமை இல்லை. 1984இல் வட கரோலினாவில் மைக்கேல் ஜோர்டனுக்கு மூன்றாம் ஆண்டு முடிந்தபோது, அவர் தங்கினால் லாபம் கோச் டீன் ஸ்மித்துக்குத்தான். ஸ்மித் அணிகளிடம் விசாரித்து, எந்த இடத்தில் எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, போகச் சொன்னார். ஒரு நல்ல ஆசிரியர் செய்கிற வேலை அது. ஜோர்டன் 1986இல் பட்டத்தையும் முடித்தார்.

அதே கல்லூரியிலிருந்து 1998இல் மூன்றாம் ஆண்டோடு போனவர் வின்ஸ் கார்ட்டர். கோடை விடுமுறைகளில் படித்துப் பாக்கியை முடித்தார். பட்டமளிப்பு விழா 2001 மே 20 காலை. அன்றே பிலடெல்பியாவில் என்.பி.ஏ. தொடரின் ஏழாவது, கடைசி, வாழ்வா சாவா ஆட்டம். காலையில் அங்கியை மாட்டிக்கொண்டு பட்டமளிப்பில் கலந்துகொண்டுவிட்டு விமானம் ஏறினார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து கூடையில் விழவில்லை, அவருடைய டொரன்டோ அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. மறுநாள் பத்திரிகைகளும் ரசிகர்களும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள், ஐயா. பட்டம் வாங்கப் போனதற்காக.