வாசகர் கேள்வி: ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பசியைக் கூட்டுமா, கெடுக்குமா?

அப்பாவுக்கு வயது 62, ரப்பர் பால் வெட்டுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அளவைக் கூட்டியதும் பசி போய்விட்டது. மரச்சீனியும் மீன்கறியும் வைத்தால்கூட இரண்டு வாயோடு எழுந்துவிடுகிறார். எனக்கோ டென்ஷன் வந்தால் நேந்திரன் சிப்ஸ் பாக்கெட் காலி. இரண்டுக்கும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்தான் காரணமா?
– வாசகர், குலசேகரம்

ஆம், ஆனால் வேறு வேறு ஹார்மோன்கள்.

அப்பாவின் விஷயத்தில் மனக்கவலைக்கு வேலை இல்லை. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா திணறினாலோ, புரதங்கள் சரியாக மடியாமல் தேங்கினாலோ, செல் மற்ற உற்பத்தியைக் குறைத்துவிட்டு ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அதைப் பிடிக்கும் ஜிஃப்ரால் என்ற ஏற்பி பின்மூளையில், வாந்தியைத் தூண்டும் இடத்தை ஒட்டி மட்டுமே இருக்கிறது. 2017இல்தான் இது தெரிய வந்தது. அதனால்தான் இந்தப் பசியின்மையோடு குமட்டலும் சேர்ந்து வருகிறது. மெட்ஃபார்மினும் இதே ஹார்மோனைக் கூட்டும்.

விடியுமுன் கட்டன் சாயாவை மட்டும் குடித்துவிட்டு மாத்திரை போட்டால் குமட்டல் அதிகமாகும், சாப்பாட்டோடு போடட்டும். பொதுவாக 500 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு 500 என்று கூட்டுவார்கள். சட்டென்று கூட்டியிருந்தால் குறைக்க முடியுமா, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வகையைப் பொடிக்கக் கூடாது.

கூடவே சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ இருந்தால்தான் எனக்குப் பயம். சாப்பாடு பாதியாகி அந்த மருந்து மட்டும் முழுதாகப் போனால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடும். இதைத் தள்ளிப்போடாமல் இன்றே கேளுங்கள். இன்னொன்று: 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 3 கிலோ இழந்திருந்தால் பழியை மாத்திரைமேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் ஜிடிஎஃப்-15 உயரும்.

உங்கள் சிப்ஸுக்குக் காரணம் கார்டிசால். அட்ரினல் சுரப்பி விடுவது. காலையில் உச்சத்தில் இருந்து இரவில் இறங்க வேண்டும். கவலையும் தூக்கக் குறைவும் நீடித்தால் சரியாக இறங்காது. கல்லீரல் சர்க்கரையை வெளியே தள்ளும், இன்சுலின் மந்தமாகும், நாக்கு எண்ணெயையும் இனிப்பையும் தேடும். முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். லேபில் போய் நீங்களாகவே ஒரு தடவை கார்டிசால் பார்ப்பது காசுக்குக் கேடு. நேரத்துக்கு நேரம் மாறும் எண் அது. மூட்டுவலிக்கு யாரோ தந்த பெயரில்லாப் பொடி சாப்பிடுகிறீர்களா? அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் இதே அகோரப் பசிதான்.

ஒன்பது வாரக் கர்ப்பம். தண்ணீர்கூட நிற்கவில்லை. மாமியார் "எல்லாம் மனசுதான்" என்கிறார்.
– வாசகி, மார்த்தாண்டம்

மனசு இல்லை, அதே ஜிடிஎஃப்-15தான். கர்ப்பத்தில் இது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. கர்ப்பத்துக்கு முன் யாருக்கு இது குறைவோ அவர்களை அதிகம் வாட்டுகிறது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. எப்போதும் இதன் அளவு உயர்ந்தே இருக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு வாந்தி குறைவு.

தண்ணீரே நிற்காத நிலையில் வீட்டு வைத்தியம் வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் குறைந்து அடர்நிறமாவதும், 50 கிலோவில் இரண்டரைக் கிலோ இறங்குவதும் ஆபத்தின் அடையாளம். எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். நாள் நிறைய ஆகியிருந்தால் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும்; இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.